வாலிபரைப் பிடித்த தசைமயக்கம்

அமெரிக்கச் சிறுவர் விளையாடிய ஜி.ஐ. ஜோ என்னும் போர்வீரன் பொம்மை 1964இல் முதன்முதல் கடைக்கு வந்தது. ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவரும் அவர்தம் தோழரும் இத்தகைய பொம்மைகளை அளந்து, 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பொம்மையை 5 அடி 10 அங்குல மனிதனாகக் கருதிக் கணக்கிட்டால், முதற் பொம்மையின் புயச் சுற்றளவு ஏறக்குறைய 12 அங்குலம். 1990களில் வந்த ஒன்றுக்கோ ஏறக்குறைய 27 அங்குலம். பெயர்பெற்ற பயில்வான்களுக்கும் வாய்க்காத புயம் அது!

உடல் எத்துணை திரண்டிருந்தாலும் தம்மை நோஞ்சான் என்றே எண்ணி வருந்தும் ஆடவர் உளர். இவர்களுடைய துன்பத்துக்குப் போப் குழுவினர் 1997இல் ‘தசை உருமயக்கம்’ எனப் பொருள்படும் பெயரை இட்டனர். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேடும் இதனை உடலுருவம் பற்றிய மனநோயின் ஒரு வகையாக ஏற்றுள்ளது.

பொம்மையைப் பெட்டியில் போட்டு மூடிவிடலாம். கைப்பேசியோ தலையணை வரை உடன் வருகிறது. திரண்ட மார்பொன்றை வாலிபன் சற்று நின்று பார்த்தால் போதும். இன்ஸ்டாகிராம் அத்தகைய படங்களையே மேன்மேலும் அவன்முன் கொணர்ந்து குவிக்கும். அவற்றுள் விளக்கொளியின் வேலை எவ்வளவு, ஊசியின் வேலை எவ்வளவு என்பதை அவன் அறியான். ‘லிவர் கிங்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட அமெரிக்கர் ஒருவர், பச்சை ஈரல் முதலியவற்றைத் தின்றே அவ்வுடலைப் பெற்றதாகக் காட்டி இலட்சக்கணக்கானோரை ஈர்த்தார். 2022 டிசம்பரில், தாம் ஸ்டீராய்டு செலுத்திக்கொண்டதை அவரே ஒப்புக்கொண்டார். நார்வே நாட்டில், விளம்பரப் படத்தில் உடலமைப்பைத் திருத்தியிருந்தால் அதனைக் குறிப்பிட்டாக வேண்டும் என்னும் சட்டம் அதே ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டமே, ஆயினும் ஊசியால் பெருத்த புயத்தை அது தீண்டாது.

பெற்றோரே, இந்நோய் எளிதிற் பிடிபடாமைக்குக் காரணம், அது ஒழுக்கத்தின் வேடம் பூண்டு வருவதே. மகன் வைகறையில் எழுகிறான், புகையை வெறுக்கிறான், எடை தூக்குகிறான், நாமும் மெச்சுகிறோம். ஆனால் திருநாள் விருந்திலும் தன் உணவை நிறுத்துத் தனியே உண்கிறானா? ஒரு நாள் பயிற்சி தவறினால் நிலைகொள்ளாது தவிக்கிறானா? தோள் சுளுக்கிய போதும் ஓய மறுக்கிறானா? கடுங்கோடையிலும் தொளதொளத்த சட்டைக்குள் உடலை மறைக்கிறானா? அவனைக் கடிந்துகொள்வதும், “நன்றாகத்தானே இருக்கிறாய்” என்று தேற்றுவதும் பெரும்பாலும் பயன் தாரா. மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஸ்டீராய்டு எடுத்திருப்பின் அதனையும் மருத்துவரிடம் மறைத்தலாகாது. அது இதயத் தசையைத் தடிக்கச் செய்யும். விரைகளைச் சுருக்கி விந்தணுவைக் குறைக்கும். திடீரென நிறுத்துவோர் சிலரைக் கடும் மனச்சோர்வு ஆட்கொள்ளும். ஆதலின் நிறுத்துவதும் மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிகழவேண்டும்.