உயிலா, செட்டில்மெண்டா: சொத்து கைமாறும் காலமும் பெற்றோரின் பாதுகாப்பும்

தமிழ்நாட்டில் வீட்டையும் நிலத்தையும் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லும் ஏற்பாடு பெரும்பாலும் வாய்ப்பேச்சோடு நின்றுவிடுகிறது; எழுத்தில் ஏதுமின்றி உரிமையாளர் காலமாகும்போது அவர் மனத்தில் வைத்திருந்த பங்கீடு அவருடனேயே போய்விட, சட்டம் வகுத்த பங்கீடு அந்த இடத்துக்கு வருகிறது. இவ்வாறு உயில் எழுதாமல் இறப்பவர் இந்து ஆணாக இருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகளாகி ஆளுக்கொரு சமபங்கு பெறுகின்றனர். இறந்தவரின் தந்தைக்கு அந்த வகுப்பில் இடமில்லை. கிறித்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், முஸ்லிம்களுக்கு அவர்களது தனியார் சட்டமும் பொருந்தும். முஸ்லிம் ஒருவர், வாரிசுகள் இசைந்தாலன்றி, தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் வழங்க இயலாது.

குடும்பங்கள் அடிக்கடி மறந்துவிடுவது தாயின் பங்கை. மணமான ஒருவர் மனைவி, இரு பிள்ளைகள், தாய் ஆகியோரை விட்டுக் காலமானால், அவர் தம் உழைப்பில் கட்டிய வீட்டில் நான்கில் ஒரு பங்கு தாய்க்குச் சேர்கிறது. சில ஆண்டுகளில் அத்தாயும் ஏற்பாடு ஏதும் செய்யாமல் மறைந்தால், அந்தக் கால் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் இறந்த மகனின் பிள்ளைகளுக்குமாகப் பிரிந்து, கணவனை இழந்த மருமகள் குடியிருக்கும் வீட்டில் கொழுந்தனும் நாத்தனாரும் கூட்டு உரிமையாளர்களாகிவிடுகின்றனர். எவரும் தீங்கு நினைக்காமலே இந்நிலை உருவாகிறது என்பதும், ஒரே பக்க அளவுள்ள உயில் இதைத் தவிர்த்திருக்கும் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

உயில் வழியாகவோ வேறு வழியாகவோ எதைக் கொடுக்கலாம் என்பது சொத்தின் தன்மையைப் பொறுத்தது. சுய சம்பாத்தியத்தை, அதாவது ஒருவர் தம் வருவாயில் வாங்கியதை, அவர் விரும்பியவருக்குக் கொடுக்கலாம். பாகம் பிரியாமல் வழிவழியாக வந்த பூர்வீகச் சொத்திலோ தம் பங்கை மட்டுமே உயிலால் கொடுக்க முடியும். அந்தப் பூர்வீகச் சொத்தில் மகளும் பிறப்பாலேயே பங்காளி என்ற நிலை இங்கே படிப்படியாக வந்தது. 1989 மார்ச் 25 முதல் செல்லுபடியான தமிழ்நாட்டுத் திருத்தம் அன்று மணமாகாதிருந்த மகள்களுக்கு அவ்வுரிமையை அளித்தது. 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்தியத் திருத்தம் மணமானவர், மணமாகாதவர் என்ற வேறுபாட்டை நீக்கியது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி முடிந்த பாகப்பிரிவினைகளை இத்திருத்தம் தொடுவதில்லை. நகை போட்டுச் சீர் செய்து அனுப்பியாயிற்று என்பது மகளின் பங்கை மறுக்கச் சட்டம் ஏற்கும் காரணமன்று.

தம் சொத்து எதுவெனத் தெளிந்த ஒருவர் முன் முதன்மையாக நிற்பவை உயிலும், பத்திரப்பதிவு வட்டாரத்தில் தானசெட்டில்மெண்ட் எனப்படும் கொடை ஆவணமும் ஆகும். இவ்விரண்டின் வேறுபாடு முழுவதும் உரிமை எந்தக் கணத்தில் கைமாறுகிறது என்பதில் அடங்கியிருக்கிறது. உயில் எழுதியவர் இறந்த பிறகே பேசத் தொடங்கும். அதுவரை அவரே முழு உரிமையாளர், எத்தனை முறையும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதே நிற்கும். அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. எழுதியவரின் கையொப்பமும் குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் இருந்தால் வெள்ளைத்தாளே போதும். எனினும் பின்னாளில் வழக்கு வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவரையேனும் நீதிமன்றத்தில் விசாரித்தாக வேண்டும் என்பதால், எழுதுபவரைவிட வயதில் இளைய, உயிலால் பயனேதும் பெறாத இருவரைச் சாட்சிகளாக வைப்பது நலம்; பதிவு செய்துவிட்டால், காணாமற்போகும் அச்சமும் குறைகிறது.

செட்டில்மெண்டோ பதிவாகிப் பெறுபவர் ஏற்றுக்கொண்டவுடன் உரிமையை அப்போதே மாற்றிவிடுகிறது. குடும்பத்தினருக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 2023 ஜூலை முதல் அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 10,000 ரூபாய் என வரம்பு இருப்பதால், செலவைக் கணக்கிட்டும், பிற்காலச் சண்டையைத் தவிர்க்கலாம் என்று எண்ணியும் பெற்றோர் பலர் இதை நாடுகின்றனர். மனம் வருந்திப் பின்னர் தன்னிச்சையாக ரத்துப் பத்திரம் எழுத முடியாது என்பதும், கொடுத்த மறுநாளே மகனோ மகளோ அவ்வீட்டை விற்கவும் அடமானம் வைக்கவும் உரிமை பெற்றுவிடுகின்றனர் என்பதும் கையொப்பமிடும் மேசையில் அவர்களுக்கு எடுத்துச் சொல்லப்படுவது அரிது. இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவதும் இதையே: செட்டில்மெண்டுதான் வேண்டும் என்றால், கொடுப்பவரும் அவருடைய துணையும் ஆயுள் முழுவதும் அவ்வீட்டில் குடியிருக்கவும் வாடகை வரும்படியைப் பெறவும் உரிய வாழ்நாள் அனுபவ பாத்தியதையை ஆவணத்திலேயே ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு ஒதுக்கிவைப்பதால் கொடை செல்லாமற்போவதில்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால், தம் காலத்துக்குப் பிறகே உரிமை சேரும் என்று எழுதிவிட்டால், தலைப்பில் செட்டில்மெண்ட் என்றிருந்தாலும் நீதிமன்றம் அதை உயிலாகவே கொள்ளக்கூடும்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டுக் கைவிடப்பட்ட முதியோருக்கும் வழியுண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவின்படி, பெறுபவர் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் 60 வயது நிறைந்தவர் எழுதிய மாற்றம், அந்நிபந்தனை மீறப்பட்டால், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தால் செல்லாததென அறிவிக்கப்படலாம். அந்நிபந்தனை இருந்தது நிறுவப்பட வேண்டும் என்று 2022இலும், முதியோர் நலன் கருதி இப்பிரிவைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே, பாசத்தின் காரணமாக என்ற வழக்கமான தொடரோடு நிறுத்திவிடாமல், உணவு, மருத்துவம், இருப்பிடம் ஆகியவற்றைக் கவனிக்கும் கடமையையும் ஒரு வரியாகச் சேர்ப்பது பிற்கால வழக்காடலைப் பெரிதும் எளிதாக்கும். பிள்ளைகள்மீது அவநம்பிக்கை என்று எவரும் அதைக் கருத வேண்டியதில்லை.

உரிமையாளர் இறந்த பின் வட்டாட்சியரிடம் பெறும் வாரிசுச் சான்றிதழ், வாரிசுகள் யார் என்பதைக் காட்டுமேயன்றிச் சொத்தில் யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்காது. பட்டாவில் ஒருவர் பெயர் மட்டும் ஏறியிருப்பதும் மற்றவர்களின் பங்கை அழித்துவிடாது. வங்கிக் கணக்கில் நியமனதாரராகப் பெயர் குறிக்கப்பட்டவரும், வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே. இந்தியாவில் மரணத்தின்வழி வரும் சொத்துக்கு வரி 1985இலேயே நீக்கப்பட்டுவிட்டதால், அந்த அச்சத்தால் எவரும் அவசரப்பட வேண்டியதில்லை.

அவசரம் காட்டப்படும் மற்றோர் இடம் விடுதலைப் பத்திரம், அதாவது ஒரு பங்காளி தம் பங்கைப் பிற பங்காளிக்கு விட்டுக்கொடுக்கும் பதிவு ஆவணம். பட்டா மாற்றத்துக்கான கையெழுத்து என்று சொல்லிச் சகோதரிகளிடம் இதில் ஒப்பம் பெறப்படுவது உண்டு என்பதால், ஆவணத்தை முழுதாகப் படித்துக் கேட்காமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைக்கக் கூடாது. இந்து மைனர் ஒருவருக்கு உரிய சொத்தை, நீதிமன்ற அனுமதியின்றி இயற்கைப் பாதுகாவலர் மாற்றியிருந்தால், மைனர் 18 வயது நிறைந்து மூன்று ஆண்டுகளுக்குள் அதை எதிர்த்து வழக்கிடலாம். பங்கு மறுக்கப்பட்ட பெண் எவரும், வருமானம் எவ்வளவாயினும், பாகப்பிரிவினை வழக்குக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கோரலாம். தொலைபேசியில் விவரம் கேட்க 15100 என்ற எண் உள்ளது, முதியோருக்கான உதவி எண் 14567.