பை ஒன்று, வடிவம் பல!

ஒரு தண்ணீர் பாக்கெட்டைக் கையில எடுங்க. நிரம்பி விறைப்பாக இருந்தால் வளையாது; மீறி அமுக்கினால் வெடிக்கும். பாதியைக் குடிச்சுட்டு வாயை முடிச்சுப் போட்டு அமுக்கிப் பாருங்க... தட்டையாகும், மடங்கும். பை அதே பைதான்! உள்ளே உள்ள அளவுதான் மாறியது.

செல்லின் சவ்விலும் இதே கணக்கு உண்டு. ஆனால் செல்லுக்குள் புரதச் சட்டம் உட்பட ஆயிரம் சமாச்சாரங்கள். எது எந்த வேலையைச் செய்யுதுன்னு பிரிப்பது கஷ்டம். அதனால் சவ்வை மட்டும் தனியாகச் செய்து பார்க்கிறார்கள். அந்தச் செயற்கைப் பைதான் வெசிகிள்.

லிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. தண்ணீரில் போட்டால் வால்கள் நடுவில் ஒளிந்து, இரட்டை அடுக்காகி, தானே மூடிப் பையாகிவிடும். 1960-களில் இங்கிலாந்தின் அலெக் பாங்கம் இதைக் கண்டறிந்தார். தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான்! இது சுலபமாக வளையும், ஆனால் இழுபடாது. பரப்பு சில சதவீதம் கூடினாலே கிழிந்துவிடும்.

வெளியே சர்க்கரைக் கரைசலின் செறிவைக் கூட்டினால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறும். சூடாக்கினால் சவ்வின் பரப்பு, உள்ளே உள்ள தண்ணீரைவிட அதிகமாக விரியும். எப்படிச் செய்தாலும், உருண்டைக்குத் தேவையானதைவிடப் பரப்பு மிச்சம்! உடனே உருண்டை நீள்கிறது, டம்பெல் ஆகிறது, அல்லது இருபுறமும் குழிந்த வட்டாகிறது. வெளி அடுக்கில் மூலக்கூறுகள் கூடினால் மொட்டு விடும்.

எந்த வடிவம் வரும்? வளைக்க எதற்குக் குறைந்த ஆற்றல் போதுமோ, அதுதான். 1970-ல் கேன்ஹாமும் 1973-ல் ஹெல்ஃப்ரிச்சும் இதைச் சமன்பாடாக்கினார்கள். நாம பீமுக்குப் போடும் வளைவுக் கணக்குக்குத் தம்பி முறை!

இதனால என்ன லாபம்னு கேட்கிறீங்களா? ரத்தச் சிவப்பணுவின் கன அளவு சுமார் 90 கன மைக்ரான். அந்த அளவுள்ள உருண்டைக்கு 97 சதுர மைக்ரான் பரப்பு போதும், போட்டுப் பாருங்க. ஆனால் அணுவிடம் இருப்பதோ சுமார் 135! இந்த மிச்சத்தால்தான் தன்னைவிடக் குறுகிய ரத்தக்குழாயிலும் அது நெளிந்து போகிறது. ஒரு பரம்பரை நோயில் சவ்வு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று அணு உருண்டையாகிவிடும். நிரம்பிய பாக்கெட் மாதிரி! மண்ணீரலின் இடுக்குகளில் மாட்டி அழியும், ரத்தசோகை வரும்.

ஆக, உயிர் ஓடுவது அந்த மிச்சப் பரப்பில்தான். அடுத்த தடவை தண்ணீர் பாக்கெட் வாங்கினால், பிய்ப்பதற்கு முன் ஒருமுறை அமுக்கிப் பாருங்க!