கை தட்டினால் விளக்கு எரியும், கை எழாதவருக்கு?

புது தில்லி: செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் சந்தை மின்னணு உதிரி பாகங்களுக்குப் பெயர் பெற்றது. அத்தகைய கடைகளில் கிடைக்கும் ஒலிவாங்கி, டிரான்சிஸ்டர், ரிலே ஆகியவற்றைக் கொண்டு, கை தட்டினால் விளக்கை எரியவைக்கும் சுவிட்சைக் கல்லூரி மாணவர்களே செய்துவிட முடியும்.

தட்டும் ஓசையை ஒலிவாங்கி மின் சைகையாக மாற்றுகிறது. டிரான்சிஸ்டர் அதைப் பெருக்குகிறது. ரிலே விளக்கின் மின் இணைப்பைச் சேர்க்கிறது அல்லது துண்டிக்கிறது. அமெரிக்காவில் 1980-களிலேயே 'கிளாப்பர்' என்ற பெயரில் இது விற்பனைக்கு வந்தது. ஆனால், எளிய வகைச் சுவிட்சுகளுக்கு ஓசைகளைப் பிரித்தறியத் தெரியாது. கதவு அறைந்து சாத்தப்பட்டாலும், தீபாவளி வெடி வெடித்தாலும் விளக்கு எரியும், அணையும்.

அதைவிடப் பெரிய குறை, தட்டுவதற்குக் கை வேண்டும் என்பது. தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கைகால்கள் செயலிழந்தவருக்குச் சொல்லைப் புரிந்துகொள்ளும் கருவியே துணை. அமேசானின் எக்கோ 2017-லும், கூகுள் ஹோம் 2018-லும் இந்தியாவுக்கு வந்தன. 2019-ல் அலெக்ஸா ஹிந்தியிலும் பேசத் தொடங்கியது. மின்விசிறியை நிறுத்தக்கூடப் பிறரை எதிர்பார்த்துக் கிடந்தவருக்கு இது சிறிய விடுதலை அல்ல.

ஆனால், இவ்வகைக் கருவிகள் பொதுவாகக் குரலை இணையம் வழியே நிறுவனத்தின் கணினிகளுக்கு அனுப்பியே பொருள் காண்கின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023-ல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலை முக்கிய அடிப்படையாகக் கொண்டுள்ளது. விளக்கை எரியவைக்க வேறு வழியே இல்லாதவர் தரும் ஒப்புதலை, மனமுவந்த ஒப்புதல் என எப்படிக் கொள்வது?

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 'விளக்கைப் போடு', 'விசிறியை நிறுத்து' போன்ற சில கட்டளைகளை இணையமின்றித் தன்னுள்ளேயே அறியும் சில்லுகள் உள்ளன. அவற்றுக்குத் தமிழோ வங்காளமோ கற்பிப்பது இயலாத செயலன்று.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அனைவரும் பயன்படுத்தத்தக்க நுகர்பொருள்களின் உருவாக்கத்தையும் விநியோகத்தையும் அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 43-வது பிரிவு. தன் வீட்டு விளக்கைத் தன் மொழியில், தன் குரலை வெளியே அனுப்பாமல் எரியவைப்பதும் அந்த உரிமைக்குள் அடங்க வேண்டும்.