முட்டையே இல்லை, ஆனாலும் உருட்டியது!

1937ஆம் ஆண்டு. ஆஸ்திரியாவில் வியன்னா நகருக்கு அருகே ஆல்டன்பெர்க் என்ற ஊர். கான்ராட் லோரன்ஸ், நிக்கோ டின்பெர்கன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு வாத்தைச் சீண்டினார்கள். வேண்டுமென்றேதான்!

அது தரையில் கூடு கட்டும் சாம்பல் நிறப் பெருவாத்து. கூட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்துச் சற்றுத் தள்ளி வைத்தார்கள். வாத்து கழுத்தை நீட்டியது. அலகை முட்டைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், அலகின் அடிப்பகுதியால் மெல்ல மெல்லத் தன் பக்கம் உருட்டியது. முட்டை இடப்பக்கம் நழுவினால் அலகும் இடப்பக்கம் போகும். வலப்பக்கம் நழுவினால் வலப்பக்கம். அடேங்கப்பா, என்ன கெட்டிக்காரத்தனம்!

இனிதான் வேடிக்கை. பாதி வழியில் முட்டையைச் சட்டென்று எடுத்துவிட்டார்கள். வாத்து நிறுத்தவே இல்லை! இல்லாத முட்டையைக் கூடுவரை இழுத்துவந்தது. அலகு இப்போது இடமும் வலமும் ஆடவில்லை, நேராக வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அலகில் முட்டை பட்டால்தான் அந்த ஆட்டம். இழுக்கும் வேலையோ, ஒருமுறை தொடங்கிவிட்டால் சாவி கொடுத்த பொம்மை மாதிரி முடியும்வரை ஓடும். மரக்கட்டையை வைத்தபோது அதையும் உருட்டப் பார்த்தது.

யாரும் சொல்லித்தராமல் பிறவியிலேயே வரும் இந்தப் பழக்கத்துக்கு இயல்பூக்கம் என்று பெயர். வாத்தை முட்டாள் என்று சொல்லிவிடாதீர்கள். பாதியில் முட்டையைப் பிடுங்கும் விஞ்ஞானிகள் எல்லாக் குளக்கரையிலும் இருப்பதில்லையே!

கடற்காகக் குஞ்சும் இப்படித்தான். தாயின் மஞ்சள் அலகில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். குஞ்சு அதைக் கொத்தினால் தாய் இரையைக் கக்கிக் கொடுக்கும். வெள்ளைப் பட்டை போட்ட ஒரு சிவப்புக் குச்சியை டின்பெர்கன் நீட்டிப் பார்த்தார். தாயின் தலைபோலவே செய்த பொம்மையைவிட அந்தக் குச்சியைத்தான் குஞ்சுகள் அதிகம் கொத்தின. லோரன்ஸுக்கும் டின்பெர்கனுக்கும் தேனீக்களை ஆராய்ந்த கார்ல் வான் ஃபிரிஷுக்கும் 1973இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் சென்னைக் கடற்கரையில் பொரிக்கும் பங்குனி ஆமைக் குஞ்சுகளின் கதைதான் கொஞ்சம் கவலையானது. இரவில் மணலிலிருந்து வெளியே வந்ததும் வெளிச்சமான பக்கம் நகர்வது அவற்றின் இயல்பு. முன்பெல்லாம் அந்த வெளிச்சம் கடல்தான். இப்போதோ தெருவிளக்குகள் அதைவிடப் பளிச்சென்று எரிகின்றன. குஞ்சுகள் சாலைப் பக்கம் போய்விடுகின்றன. அதனால் தன்னார்வலர்கள் இரவில் கடற்கரையோரம் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். பொரித்த குஞ்சுகளை அலையிலேயே போட்டுவிடுவதில்லை. கரையில் கொஞ்சம் தள்ளி விடுகிறார்கள். மீதித் தூரத்தைக் குஞ்சுகளே தவழ்ந்து கடக்கின்றன.