சண்டையை வெளியே முடித்துவிட்டு நீதிமன்றம் போங்கள்

பெரியவர்கள் நாலு பேர் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் வாங்கிவிட்டால் விவாகரத்து ஆகிவிட்டது என்று தமிழ்நாட்டில் இன்றும் பலர் நம்புகிறார்கள். ஆகாது. இந்து திருமணச் சட்டத்தின்படி அந்தக் காகிதம் திருமணத்தை முறிக்காது. சமூக வழக்கத்திலேயே மணமுறிவு உண்டு என்று நிரூபிக்க முடிந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதை நிரூபிப்பது சுலபமல்ல. அந்தக் காகிதத்தை நம்பி மறுமணம் செய்தால், அது இருதாரக் குற்றமாகலாம். புதிதாக வந்த பெண்ணுக்கு மனைவி என்ற சட்ட நிலையும் கிடைக்காது.

ஆக, குடும்பநல நீதிமன்றத்துக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் வழக்காடப் போக வேண்டியதில்லை. 1976இல் அந்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 13-பி பிரிவின்படி, ஓராண்டாவது பிரிந்து வாழும் கணவனும் மனைவியும் சேர்ந்தே மனுப் போடலாம். பேச்சுவழக்கில் ‘மியூச்சுவல்’ என்பது இதைத்தான். யார் மீதும் குற்றம் சுமத்த வேண்டாம், சாட்சிகளைக் கூண்டில் ஏற்ற வேண்டாம். வேறு வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாததையும் நீதிமன்றம் பிரிவாகவே ஏற்கும்.

உண்மையான வேலை மனுவுக்கு முன்னால் இருக்கிறது. பிள்ளை யாரிடம் வளரும், பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, கோடை விடுமுறையில் எத்தனை நாள் அப்பாவோடு, பாஸ்போர்ட் எடுக்க யார் கையெழுத்துப் போடுவது — இவற்றையெல்லாம் பேசித் தேதியோடு எழுதிக்கொள்ள வேண்டும். ‘அவ்வப்போது பார்க்கலாம்’ என்று எழுதிவைப்பது அடுத்த வழக்குக்கு விதை. ‘எனக்கு எதுவும் வேண்டாம், விட்டால் போதும்’ என்று தாய் எழுதிக் கொடுத்தாலும், அது பிள்ளையின் ஜீவனாம்ச உரிமையைப் பறிக்காது. களைத்துப்போன பெண்கள் அந்த வரியை எழுதிவிடுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நகை எத்தனை சவரன், சீர்ப் பொருள்களில் எது யாரிடம் என்று பட்டியல் போடுங்கள். வீட்டுக் கடன் இருவர் பெயரிலும் இருந்தால், நீங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் வங்கியைக் கட்டாது; வங்கி ஒப்புக்கொண்டு பெயரை நீக்கும்வரை தவணைக்கு இருவரும் பொறுப்பு. வரதட்சணைக் கொடுமைப் புகார் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், சமரசத்தைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் அதை ரத்து செய்யக் கேட்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்.

நேருக்கு நேர் பேச முடியாதவர்களுக்குச் சமரசர் இருக்கிறார். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது. வழக்குப் போடும் முன்பே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் அணுகலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. அங்கே பேசியதைப் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியமாக்கவும் முடியாது. ஆனால் அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் இந்த மேசை சமமானது அல்ல. அங்கே முதலில் வேண்டியது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவு.

மனுப் போட்ட பின் ஆறு மாதம் காத்திருந்து, மீண்டும் இருவரும் சம்மதம் சொல்ல வேண்டும். பிரிந்து ஒன்றரை ஆண்டுக்கு மேலாகி, சேர்த்துவைக்கும் முயற்சிகள் தோற்று, பணமும் பிள்ளையும் பற்றிய பேச்சு முடிந்திருந்தால் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளிநாட்டில் இருப்பவர் காணொலி வழியாகவும் ஆஜராக அனுமதி கேட்கலாம். தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். பணம் பெறுபவரும் கடைசித் தொகை கைக்கு வராமல் இறுதிச் சம்மதம் சொல்லாதீர்கள். முதல் மனுவின்போது ஒரு பகுதி, மீதி இறுதி விசாரணை நாளில் நீதிபதி முன்னிலையில் வரைவோலையாக என்று எழுதிக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு.