அகில் கட்டை வாங்கும் முன்

டீயை ஆற்றிக் குடியுங்கள், மெதுவாகவே சொல்கிறேன். அலுவலகத்தில் அழகுக்கு வைக்க அகில் கட்டை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இது ஒரிஜினல்தானா?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த மரம் எங்கே நின்றது? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாறவும் மாட்டீர்கள், ஒரு காட்டு மரத்தின் அழிவுக்குக் காசு கொடுத்தவராகவும் ஆகமாட்டீர்கள்.

அகில் கட்டையை அழகுக்கு வைக்கும் வழக்கம் செழித்திருப்பது வியட்நாமில். நிறுவன வரவேற்புக் கூடங்களில் ஆளுயரத்துக்கும், மேசைமேல் சாண் உயரத்துக்கும் அங்கே அகில் கட்டைகள் நிற்கும். 'ட்ராம் கான்' என்பார்கள். அழகுக்கு வைக்கும் அகில். தொழில் பெருகும் என்ற நம்பிக்கையில் டெட் புத்தாண்டுக்குப் பரிசாகவும் கொடுப்பார்கள். கான் ஹோவா மாநிலத்துக்கு 'அகில் நாடு' என்றே பெயர். அதன் கடற்கரை நகரமான நா ட்ராங்கில் சம்பா அரசர்கள் எழுப்பிய போ நகர் கோயில் இருக்கிறது. அந்தக் கோயில் அம்மன் ஓர் அகில் கட்டைக்குள் புகுந்து கடலில் மிதந்து போனாள் என்பது ஊர்க்கதை. ஹுவே அரண்மனையில் மின் மாங் அரசர் 1835 முதல் 1837 வரை வார்ப்பித்த ஒன்பது வெண்கலக் கொப்பரைகளில் ஒன்றில் அகில் மரத்தைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். நமக்கும் அகில் புதிதல்ல. சங்கப் பாடல்களில் பெண்கள் கூந்தலுக்கு ஊட்டியது அகில் புகைதான். நாம் எரித்து அறிந்ததை அவர்கள் செதுக்கிப் பார்வைக்கும் வைக்கிறார்கள்.

சரி, அகில் எப்படி உண்டாகிறது? அக்விலாரியா என்ற பேரினத்து மரங்கள் இவை. வியட்நாமில் வளர்வது அக்விலாரியா கிராஸ்னா. அங்கே 'யோ பாவ்' என்பார்கள். அசாமிலும் மலேசியாவிலும் இருப்பது அக்விலாரியா மலாக்கென்சிஸ். காயமே படாத மரத்தை வெட்டினால் உள்ளே ஒன்றும் இருக்காது. வெளிர் நிறக் கட்டை, கனம் கிடையாது, வாசனையும் கிடையாது. மரம் அடிபட வேண்டும். மின்னல் விழலாம், கிளை முறியலாம், எறும்பு குடையலாம்; அசாமில் தண்டைத் துளைக்கிற ஒரு புழு அந்த வேலையைச் செய்கிறது. காயத்தின் வழியே பூஞ்சை ஏறும். அதைத் தடுக்க மரம் பிசின் சுரக்கும். முருங்கையில் வெட்டுப்பட்ட இடத்தில் பிசின் வெளியே வடிந்து கட்டி தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அகில் மரத்தில் அது வெளியே வராமல் கட்டைக்குள்ளேயே ஊறி நிற்கும். ஆண்டுகள் போகப் போக அந்த இடம் கறுக்கும், கனக்கும். பிசின் மிகுந்த துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும்.

இப்போது கடைகளில் இருக்கும் அலங்காரக் கட்டைகளில் பெரும்பாலானவை தோட்ட மரங்கள். சில ஆண்டுகள் வளர்ந்த மரத்தின் தண்டில் வரிசையாகத் துளையிடுவார்கள். சிலர் பூஞ்சைக் கரைசலும் செலுத்துவார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதான் வெட்டுவார்கள். வெட்டிய தண்டு பட்டறைக்கு வந்ததும் தொடங்கும் வேலைக்குப் பெயர் 'சொய்'. குவாங் நாம் பகுதியில் நோங் சன் போன்ற ஊர்களில் இது குடும்பத் தொழில். கைக்கடக்கமான சின்ன உளிகளால் வெள்ளைக் கட்டையை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். உருவம் இன்னதென்று தொழிலாளி முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. பிசின் எங்கே ஓடியிருக்கிறதோ அங்கே உளி நின்றாக வேண்டும். வெள்ளையும் கறுப்பும் சட்டென்று பிரிவதும் இல்லை. வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் காவியாகி, காவி பழுப்பாகும். பழுப்பு தலைகாட்டியதும் அடியைக் குறைத்து, உளி நுனியால் இழை இழையாக நீக்குவார்கள். ஒரு தட்டு கூடினால் ஆண்டுக்கணக்கில் ஊறிய பிசின் சீவலாகக் கீழே விழும். அதையும் வீணாக்காமல் எண்ணெய் வடிக்கவும் ஊதுவத்திக்கும் அனுப்புவார்கள். பெரிய கட்டை என்றால் வாரக்கணக்கில் உட்கார வேண்டும். கடைசியில் மிஞ்சுவது, காயம் மரத்துக்குள் பரவிய வழி: மேலே கூரிய முகடுகள், நடுவே பொந்துகள், அடியில் மெலிந்த சுவர்கள்.

அதனால் பொந்தும் கோணலும் குறை என்று நினைத்துவிடாதீர்கள். உலகின் மிகப் புகழ்பெற்ற அகில் கட்டையே உள்ளே கூடுதான். ஜப்பானின் நாரா நகரில் ஷோசோயின் கருவூலத்தில் இருக்கும் 'ரஞ்ஜாதாய்' 156 செ.மீ. நீளம், 11.6 கிலோ எடை. பிசின் ஏறாத நடுப்பாகத்தை உளியால் குடைந்து எடுத்துவிட்ட கட்டை அது. போர்த்தலைவர் ஒடா நொபுனாகா 1574-இல் அதிலிருந்து சிறிது வெட்டிக்கொண்டார். பேரரசர் மெய்ஜி 1877-இல் வெட்டினார். வெட்டிய இடங்களில் இன்னார் வெட்டியது என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இனி, கடையில் பார்க்க வேண்டியவை. முதலில் முகர்ந்து பாருங்கள். சூடு படாத அகில் மெல்லத்தான் மணக்கும். கிட்டே போகும் முன்பே வாசனை தூக்கியடித்தால் எண்ணெயோ செண்டோ தடவியிருக்கிறார்கள். அடுத்தது நிறம். தலையிலிருந்து அடிவரை ஒரே கறுப்பு, ஒரே பளபளப்பு என்றால் சாயமும் வார்னிஷும் இருக்கும். ஈரமான வெள்ளைத் துணியால் அடிப்பக்கத்தைத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு இறங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம், பூதக்கண்ணாடி. குறுக்கே வெட்டிய முகத்தைப் பாருங்கள். பொதுவாக மரங்களில் உணவு கடத்தும் புளோயம் பட்டையோரத்தில் இருக்கும். அக்விலாரியாவில் அது கட்டைக்கு உள்ளேயும் திட்டுத் திட்டாகச் சிதறியிருக்கும். பிசின் அதிகமாகத் தேங்குவது அந்தத் திட்டுகளில். ஆகவே உண்மையான அகிலின் கறுப்பு புள்ளியும் கோடுமாக, அங்கே அடர்ந்து இங்கே வெளிறித் தெரியும். சாயம் இப்படிப் பிரித்துப் பார்க்காது, எல்லா இடத்திலும் சமமாக ஏறிவிடும்.

கடைக்காரர் சம்மதித்தால் உதிர்ந்த சீவல் ஒன்றைச் சூடாக்கிப் பாருங்கள். பிசின் குமிழியிட்டுப் பொங்கும். இனிப்பும் லேசான கசப்பும் கலந்த மணம் வரும். தொண்டையைப் பிடிக்கிற புகை வந்தால் அது வேறு சரக்கு. தண்ணீரில் மூழ்கும் சோதனை அலங்காரக் கட்டைக்குப் பொருந்தாது. நல்ல கட்டையிலும் வெள்ளை மிச்சம் இருக்கும் என்பதால் மிதக்கலாம். அகிலே இல்லாத கனத்த மரம் மூழ்கலாம். 'கீ நாம்' என்பது வியட்நாமில் எல்லாவற்றுக்கும் மேலான, மிக அரிய ரகம். ஆளுயரக் கட்டையைக் காட்டி அந்தப் பெயரைச் சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது, மரம் எங்கே நின்றது என்ற அந்த இன்னொரு கேள்விக்கு வருவோம். "இது காட்டு அகில், அதனால்தான் இந்த விலை" என்பார்கள். 1980-களில் வியட்நாமின் மலைக்காடுகளுக்குள் அகில் தேடிக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மலேரியாவில் பலர் திரும்பவேயில்லை. மரத்துக்குள் பிசின் இருக்கிறதா என்பது வெளியிலிருந்து உறுதியாகத் தெரியாது. அதனால் ஒன்றுமில்லாத மரங்களும் வெட்டுப்பட்டன. இன்று கிராஸ்னா, மலாக்கென்சிஸ் இரண்டுமே உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பில் உள்ள இனங்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் 1995-இல் மலாக்கென்சிஸும், 2005-இல் மற்ற அக்விலாரியா இனங்கள் அனைத்தும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. பயணி ஒருவர் தன் உபயோகத்துக்காக ஒரு கிலோ வரை சீவல், 24 மி.லி. எண்ணெய், இரண்டு மணிமாலை ஆகியவற்றைக் கொண்டுபோக அந்த ஒப்பந்தம் சலுகை தருகிறது. செதுக்கிய கட்டை அந்தச் சலுகையில் இல்லை. வியட்நாமில் வாங்கினால் ஏற்றுமதி அனுமதிச் சீட்டு கட்டாயம் வேண்டும். இந்தியாவிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் சைட்டிஸ் இனங்களைத் தனி அட்டவணையில் சேர்த்திருக்கிறது.

தோட்டத்து மரம் என்றால் மட்டம் என்று எண்ண வேண்டாம். துளையிட்டது மனிதன், பிசினைச் சுரந்தது மரம். எண்ணெய் ஏற்றாத, சாயம் பூசாத தோட்டத்து அகிலை இயற்கையானது என்று தாராளமாகச் சொல்லலாம். சேகரிக்க ஆசையிருந்தால் அளவைப் பார்க்காமல் காயத்தின் வகையைப் பாருங்கள். எறும்பு குடைந்த துண்டு ஒன்று, துளையிட்ட துண்டு ஒன்று, முறிந்த கிளையில் பிசின் ஏறியது ஒன்று. மூன்றும் சாண் உயரம் இருந்தாலே போதும். வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லவும் விஷயம் இருக்கும்.

வாங்கி வந்தபின் வெயிலும் ஏசிக் காற்றும் நேரே படாத இடத்தில் வையுங்கள். காய்ந்தால் வெடிப்பு விடும். தூசிக்கு மென்மையான பிரஷ் போதும். எண்ணெய், பாலிஷ், செண்டு எதுவும் வேண்டாம். கட்டையால் அறை முழுக்க மணக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். மணம்தான் வேண்டுமென்றால் தனியாகச் சீவல் வாங்கி மின்தட்டில் சூடாக்கலாம்.

பணத்தை எடுக்கும் முன் கடைக்காரரிடம் மூன்றைக் கேளுங்கள். மரம் எந்த ஊர்த் தோட்டத்தில் நின்றது? பிசின் எப்படிப் பிடிக்க வைத்தார்கள்? ரசீதில் இனத்தின் பெயரை எழுதி, அனுமதிச் சீட்டின் நகலும் தருவாரா? இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்லும் கடையில் சாண் உயரத் துண்டு வாங்குங்கள். தயங்குகிற கடையில் ஆளுயரக் கட்டை பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம்.