காளான் இனமும் தோட்டப் பயிர்களும்

மழை ஓய்ந்த மறுநாள் பட்ட மரக்கட்டையில் குடை விரித்து நிற்கும் காளானை அறியாதார் இலர். ஆயின், கண்ணுக்குப் புலப்படும் அக்குடை காளானின் முழு உடல் அன்று. மாமரத்திற்கு மாங்கனி எப்படியோ, அப்படியே காளானுக்குக் குடை. அதன் மெய்யான உடல் மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் நூலினும் மெல்லிய இழைகளாகப் பரவிக் கிடக்கிறது.

காளானுக்குப் பச்சையம் இல்லை. ஆதலால் செடிகொடிகளைப் போல வெயிலைக் கொண்டு உணவு ஆக்க அதனால் இயலாது. இழைகள் வழியே செரிப்பு நீரைச் சுரந்து, உணவை வெளியிலேயே கரைத்துப் பின்னர் உறிஞ்சிக்கொள்ளும். அதன் இழைச் சுவரிலுள்ள கைட்டின் என்னும் பொருள் பூச்சிகளின் மேலோட்டிலும் உண்டு. 1969-ஆம் ஆண்டில் விட்டேக்கர் என்னும் அறிஞர் உயிர்களை ஐந்து பேரினங்களாக வகுத்தபோது, காளானைத் தாவரங்களினின்று பிரித்துத் தனிப் பேரினமாக்கினார்.

மரத்திற்கு உறுதி தருவது லிக்னின். அதை நன்கு சிதைக்க வல்லவை பெரும்பாலும் காளான்களே. அவை இல்லையேல் காட்டில் வீழ்ந்த மரங்கள் மட்காமல் குவியும். அவற்றின் சத்தும் மண்ணுக்குத் திரும்பாது.

காட்டில் நன்மை செய்யும் இத்தொழிலே தோட்டத்தில் கேடாக முடிவதுண்டு. மலாயாவில் காட்டை வெட்டிக் கித்தா நட்டபோது பழைய அடிக்கட்டைகள் மண்ணிலேயே தங்கின. அவற்றைத் தின்று வளர்ந்த ஒரு காளான், வெண்ணிற இழைக் கயிறுகளாக ஊர்ந்து இளங்கன்றுகளின் வேரைப் பற்றியது. 1904-இல் சிங்கப்பூரில் கண்டறியப்பட்ட இதுவே வெள்ளை வேர் நோய். இலை மஞ்சளிப்பதற்குள் வேர் அழுகிவிடும். கட்டைகளை அகற்றுவதும், அவை விரைவில் மட்கும்படி பயற்றினக் கொடிகளை மண்மூடியாக வளர்ப்பதும் தடுப்பு முறைகள். உணவாகிய கட்டை தீர்ந்தால் காளானும் பட்டினியால் மடியும்.

இன்று தஞ்சோங் மாலிம் வட்டாரம் உட்படப் பேராக்கின் பல பகுதிகளில் கித்தாவின் இடத்தைச் செம்பனை பிடித்துவிட்டது. அதற்கும் கனோடெர்மா என்னும் காளான் பகையாயிற்று. அடிமரத்தில் அதன் தட்டு வெளிப்படும்போது உள்ளே பெரும்பகுதி அழுகியிருக்கும்.

ஒரே பயிரைப் பரந்த நிலத்தில் நெருக்கி நடுவது காளான் நோய்க்கு விருந்து வைப்பதாகும். 1869-இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்களைப் பாழாக்கியது. தமிழ்த் தொழிலாளர் அங்கே காப்பியை விட்டுத் தேயிலைக்கு மாறியதற்கு ஒரு காளானே காரணம்! கித்தாவின் தாயகமாகிய பிரேசிலில் ஹென்றி போர்டு 1928 முதல் அமைத்த தோட்டங்களையும் இலைக்கருகல் நோய் வீழ்த்தியது. அந்நோய் இந்நாட்டினுள் நுழையாதிருக்கவே, அங்கிருந்து வரும் செடிகள் கடுமையாகச் சோதிக்கப்படுகின்றன.

இத்தனை கேடு செய்யும் இனமே நன்மையும் செய்கிறது. கள்ளைப் புளிக்க வைக்கும் ஈஸ்டும், சோயாவைத் தெம்பேயாக்கும் பூசணமும் காளான் இனத்தவை. 1928-இல் பிளெமிங் கண்ட பெனிசிலினும் ஒரு பூசணத்தின் கொடையே.

மாணவர்க்கு இதனை விளக்கக் கருவி ஏதும் வேண்டுவதில்லை. விரிந்த காளான் குடையொன்றைக் கறுப்புத் தாளின்மேல் கவிழ்த்து, கண்ணாடிக் குவளையால் ஓர் இரவு மூடிவைத்தால் போதும். வெளிர்நிற வித்துகளாயின், காலையில் அவை தாளில் ஆரக்கால்கள்போல் பதிந்திருக்கும். தொட்ட கையை நன்கு கழுவச் செய்க. இன்னதென்று தெரியாத காளானை உண்ணலாகாது என்பதையும் அப்போதே கற்பிக்க வேண்டும்.